அறக்கல்வியில் ஏடும் திரையும்

கற்பது அறிவதற்கு, அறிவது அறிந்தபடி நடப்பதற்கு என்பது நம் முன்னோர் கொண்ட கல்விக் கொள்கை. எண்ணையும் எழுத்தையும் பயிற்றுதல் நல்லாசிரியர் ஒருவரால் நிறைவுறக் கூடியது. அறத்தைப் பயிற்றுதல் அத்துணை எளிதன்று. பொய் கூறுதல் தீது என விடைத்தாளிற் பிழையற எழுதும் மாணாக்கனே, அவ்விடையை அயலவன் தாளைப் பார்த்து எழுதியிருத்தலும் கூடும். ஏனைய பாடங்களில் அறிந்தவன் வல்லவனாகின்றான். அறநூற் பாடத்திலோ அறிந்தவன் அறிந்த அளவினாலே நல்லவன் ஆகிவிடுவதில்லை. அறிவுக்கும் நடைக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அதனைக் கடப்பிப்பது யாது என்பதே அறக்கல்வியின் முதல் வினாவாகும்.

இவ்வினா இக்காலத்திற் புதியதோர் உருவெடுத்து நம்முன் நிற்கின்றது. கைத்தொலைபேசியும் கணினியும் இணையமும் சிறுவர் கையில் வந்துவிட்டன. டிஜிட்டல் எனவும் எண்ணிமம் எனவும் வழங்கப்பெறும் இக்கருவிகளைக் கண்டு, நம் பண்பாடு இவற்றால் அழிந்தது என இரங்குவார் ஒரு சாரார். இனி எல்லாவற்றையும் இவையே கற்பித்துவிடும் என மகிழ்வார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் ஏற்கும் முன்னர், நம் மரபு சிறுவர்க்கு அறத்தை எவ்வாறு பயிற்றிற்று என்பதை ஆராய்தல் வேண்டும். அதனை அறிந்தாலன்றி, அதனோடு எக்கருவியை எவ்விடத்திற் பொருத்துவது என்பது விளங்காது. யாழ்ப்பாணத்துச் சைவ மரபையே ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

மரபு வகுத்த வழிகள்

விசயதசமி நாளில் ஏடு தொடக்கப்பெற்ற சிறுவன், திண்ணைப் பள்ளிக்கூடத்திற் சட்டம்பியாரிடம் முதலிற் கற்றது ஆத்திசூடி. பின்னர்க் கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி என்பன முறையே வந்தன. ஆத்திசூடி அகரவரிசையில் அமைந்தது என்பதை யாவரும் அறிவர். அவ்வமைப்பின் நுட்பத்தைச் சிந்திப்பார் சிலரே. எழுத்தை வரிசைப்படி நினைக்குந்தோறும் அறமும் வரிசைப்படி நினைவுக்கு வருகின்றது. நினைவுக்கு உதவும் கருவியாகவே அந்நூல் இயற்றப்பட்டிருக்கின்றது. சொற்சுருக்கம், ஓசை, வரிசை ஆகிய மூன்றும் அக்காலத்துக் கல்விக் கருவிகள். ஆகவே, கருவியின் துணைகொண்டு அறம் பயிற்றுதல் நம்மவர்க்குப் புதியதன்று.

ஆயினும், மனனம் பண்ணியதோடு அறக்கல்வி முடிந்துவிட்டது என நம் முன்னோர் கருதினாரல்லர். மனத்திற் பதிந்த சொல்லுக்குப் பொருள் கோயில் மண்டபத்திலே கிடைத்தது. கந்தபுராணம் படிக்கும் வழக்கத்தை நோக்குக. கச்சியப்ப சிவாசாரியர் இயற்றிய அந்நூல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களை உடையது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பர். மற்றொருவர் பயன் சொல்லுவர். பயன் சொல்லுபவர் சொற்பொருள் கூறி அமைவதில்லை. கேட்போர் முகத்தை நோக்கி, அவர்க்கு விளங்கிற்றா என அறிந்து, ஊரில் நிகழ்ந்தவற்றோடும் பொருத்திக் காட்டுவார். தூணருகே இருந்த சிறுவன் கதையைக் கேட்டான்; கதை கேட்டுத் தன் பாட்டனார் கண்கலங்கியதையும் கண்டான். இரண்டனுள் எது அவனுக்கு அறம் பயிற்றிற்று எனின், பின்னையதே பெரிதும் பயிற்றிற்று எனலாம். பெரியோர் எதனை மதிக்கின்றனர் என்பதைக் காணுந்தோறும் சிறுவர் அதனை மதிக்கக் கற்கின்றனர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் எனப் பெயரிட்டு விளக்கியது இது பற்றியே. ஒரு நூல் ஊரவரின் பழக்கவழக்கமாகக் கனிந்த நிலையை அத்தொடர் குறிக்கின்றது.

மூன்றாவது வழி செயல். சித்திரைப் பூரணையிற் சித்திரபுத்திரனார் கதை கோயிலிற் படிக்கப்படும். படித்து முடிந்ததும் கஞ்சி வார்க்கப்படும். மாந்தர் செய்யும் நன்மை தீமைகளை ஒன்றும் விடாது எழுதும் கணக்கர் ஒருவர் உளர் எனச் செவி கேட்டது. அயல் வீட்டாரோடு ஒரே கிடாரத்துக் கஞ்சியைப் பகிர்ந்து உண்ணுதலைக் கை பழகிற்று. கார்த்திகை மாதத்திலே தொடங்கி இருபத்தொரு நாளும் விநாயக விரதம் அனுட்டித்துப் பிள்ளையார் கதை படிக்குமிடத்தும், ஆடிப்பிறப்பிற் கூழும் கொழுக்கட்டையும் பகிருமிடத்தும் இம்முறையே காணப்படும். சொல், பொருள், செயல் என்னும் மூன்றும் ஒருங்கு கோக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கோத்த நூல் பெரியவரும் சிறுவரும் ஓரிடத்துக் கூடியிருத்தல் என்பதே.

நாட்டுக்கூத்தும் இசைநாடகமும் இவ்வாறே பயன்பட்டன. நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் நடித்த மயான காண்டத்தைக் காண ஊரே திரண்டது. வாய்மை தவறாத அரிச்சந்திரன் படும் துயரைக் கண்ட சிறுவர்க்கு, வாய்மையின் சிறப்போடு வாய்மைக்குக் கொடுக்கவேண்டிய விலையும் தெரிந்தது. விலையை மறைத்து அறத்தின் இனிமையை மட்டும் கூறும் பாடம் நெடுநாள் நில்லாது.

மரபின் குறை

மரபைப் போற்றுமிடத்து அதன் குறையை மறைத்தல் அறமாகாது. புராணம் படிக்கப்பட்ட கோயிலினுள்ளே எல்லாரும் புக இயலவில்லை. சாதியின் பெயரால் வெளிவீதியில் நிறுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு மண்டபத்துப் பயன் தூரத்து ஒலியாகவே இருந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே மக்கள் உட்புகும் உரிமைக்காகப் போராடவேண்டியதாயிற்று. அறநூல் படிக்கும் இடத்திலேயே அறம் மறுக்கப்பட்டது எனின், அதனைக் கண்டிருந்த சிறுவர் கற்றது யாது? பெரியோரின் நடை கற்பிக்கும் என மேலே கூறினோம். நல்ல நடை நல்லதைக் கற்பித்தவாறே, தீய நடை தீயதைக் கற்பித்தது.

ஆகவே, மரபை இக்காலக் கருவியோடு சேர்த்தல் என்பது பழையன யாவற்றையும் அப்படியே பெயர்த்து வைத்தலன்று. கொள்வதைக் கொண்டு தள்ளுவதைத் தள்ளுதலும் அதனுள் அடங்கும்.

முன்னொருமுறை வந்த புதுக்கருவி

இன்றைய மயக்கம் நமக்கு முதன்முறையாக நேர்ந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அச்சியந்திரம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபொழுதும் இத்தகைய நிலையே தோன்றிற்று. மிஷனரிமார் பாடசாலையையும் அச்சையும் பிரசங்கத்தையும் தம் சமயம் பரப்பும் கருவிகளாகக் கொண்டனர். உதயதாரகை என்னும் பத்திரிகை 1841 இல் வெளிவரத் தொடங்கிற்று. ஏட்டுச்சுவடியையும் செவிவழிக் கல்வியையும் மட்டுமே நம்பியிருந்த சைவருட் பலர் செய்வதறியாது நின்றனர்.

அக்காலத்தே நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) செய்தது யாது? அவர் பேர்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றி, விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவி, அக்கருவிகளின் ஆற்றலை அணுகியிருந்து கண்டவர். 1847 ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848 இற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1849 இற் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். தொடர்ந்து, படிமுறையில் அமைந்த பாலபாடங்களும், பெரியபுராணம் முதலியவற்றின் வசனங்களும், சைவவினாவிடையும் வெளிவந்தன. வினாவிடை என்னும் வடிவம் மிஷனரிமார் கையாண்ட போதனை முறையை ஒத்தது. வடிவம் பிறருடையது என்பதற்காக அதனை அவர் ஒதுக்கவில்லை.

ஈண்டு நாம் உற்று நோக்கவேண்டியது ஒன்றுண்டு. நாவலர் அச்சுப் புத்தகத்தை எதனுடைய இடத்தில் வைத்தார்? ஏட்டுச்சுவடியின் இடத்தில் வைத்தார். ஆசிரியரின் இடத்தில் வைத்தாரல்லர். புத்தகங்கள் பெருகிய பின்னரும் பிரசங்கத்தை அவர் விடவில்லை. வித்தியாசாலைக்கு ஆசிரியரைத் தேடுதலையும் விடவில்லை. நூல் எளிதிற் பலர் கையிற் சென்றது. அதனை விளக்கும் பணி மனிதரிடத்தேயே இருந்தது. அச்சினால் இழப்பு நேரவில்லை எனக் கூறுதல் இயலாது. புத்தகம் கையில் உளதாகவே மனனம் பண்ணும் ஆற்றல் தளர்ந்தது. எனினும், வந்த பயனும் நேர்ந்த இழப்பும் சீர்தூக்கப்பட்டு, பயனே மிக்கது எனக் காலம் தீர்ப்பளித்தது. கருவியை உரிய இடத்தில் வைத்தமையே அதற்குக் காரணம்.

எண்ணிமக் கருவி தருவன

இனி, இக்காலக் கருவியை நோக்குவாம். அதனால் விளையும் நன்மைகள் மூன்று.

முதலாவது, காத்தல். 1981 சூன் முதலாந் தேதியின் இருளில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. மீளப்பெறற்கரிய ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் செல்வம் ஓர் இரவில் அழியும் என்பதை நம்மினும் அறிந்தவர் இலர். 1991 இல் யூனிக்கோடு என்னும் உலகப் பொது எழுத்துக் குறியீட்டிலே தமிழ் இடம்பெற்றது. 1998 இற் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றலாயிற்று. 2005 இற் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் கல்லூரி மலர்களையும் ஒவ்வொன்றாக எண்ணிம வடிவிற் காத்து வருகின்றது. பலவிடத்தும் பல படியாக இருப்பதை ஒரு தீ அழித்தல் அரிது.

இரண்டாவது, ஒலியைத் தருதல். அச்சுப் புத்தகம் செய்யுளைத் தந்தது. அதனை வாசிக்கும் இராகத்தை அதனால் தர இயலவில்லை. கந்தபுராணத்தைப் பண்ணோடு வாசிக்க வல்லாரும் பயன் சொல்ல வல்லாரும் வரவரக் குறைந்து வருகின்றனர். அவர் குரலையும் முகக்குறிப்பையும் ஒருங்கே பதிவு செய்ய, இன்று கையடக்கமான ஒரு கருவி போதும். இவ்வகையில் இக்கருவி அச்சினும் மரபுக்கு அணித்தானது. புத்தகத்தில் ஊமையாய்க் கிடந்த பாட்டு மீண்டும் வாய்திறக்கின்றது.

மூன்றாவது, தொலைவையும் தடையையும் கடத்தல். போரினாலும் இடப்பெயர்வினாலும் நம் குடும்பங்கள் ரொறன்ரோ, இலண்டன், பரிஸ், ஒஸ்லோ, சிட்னி எனச் சிதறின. பேரப்பிள்ளை ஓரிடத்தும் அப்பாச்சி ஓரிடத்துமாக வாழும் குடும்பம் எத்தனை! யாழ்ப்பாணத்தில் மாலை விளக்கேற்றும் வேளை ரொறன்ரோவிற் காலைப்பொழுது. ஞாயிறுதோறும் அரைமணி நேரம் திரை வழியாக முகம் பார்த்து, அப்பாச்சி கதை சொல்லப் பேரப்பிள்ளை கேட்பது முன்னைய தலைமுறை கனவிலுங் காணாதது. கோயில் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் பிள்ளைகளுக்கும், இன்று அதே புராணமும் அதே பயனும் மதிலைக் கடந்து செல்கின்றன. வாயிற் காவலர் எவரும் தடுத்தல் இயலாது. இந்நன்மை சிறிதன்று.

அது தராதன

நன்மையை உரைத்தவாறே எல்லையையும் உரைத்தல் வேண்டும். யுனெஸ்கோ நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை கல்வித் தொழில்நுட்பத்தையே பொருளாகக் கொண்டது. அக்கருவிகளால் விளையும் மிகுபயனுக்கு நடுநிலையான சான்றுகள் மிகக் குறைவு என அது எடுத்துக்காட்டிற்று. நம் நாட்டிலும் 2020 மார்ச்சு மாதத்திற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, கைத்தொலைபேசி வழியாகப் பாடங்கள் நடைபெற்றன. கருவி இல்லாத வீடும் அலைத்தொடர்பு எட்டாத ஊரும் பின்தங்கின. எட்டிய வீட்டிலும் ஒரே கருவியை இரண்டு மூன்று பிள்ளைகள் பங்கிடவேண்டியிருந்தது. கணக்கும் விஞ்ஞானமும் ஒருவாறு நடந்தன. உடனிருந்து பழகுதலால் வரும் பண்பு தடைப்பட்டது.

கதையைத் திரையில் ஏற்றுமிடத்து நேரும் ஓர் இடர்ப்பாட்டை எடுத்துக்காட்டால் விளக்குவாம். பெரியபுராணத்து மனுநீதிச்சோழன் வரலாற்றைச் சில நிமிடக் கேலிச்சித்திரப் படமாக ஆக்கினால், அதிற் கண்ணைக் கவர்வன யாவை? விரைந்தோடும் தேர், அடிபட்ட கன்று, ஆராய்ச்சி மணி, மைந்தன்மேற் செல்லும் தேர். படம் முடிந்ததும் அடுத்த படம் தானே தொடங்குகின்றது. பயன் சொல்லுபவரோ அரசன் மணியோசை கேட்டு இறங்கி வந்த இடத்தில் நிறுத்துவார். அமைச்சர் பிராயச்சித்தம் கூறி மைந்தனைக் காக்க முயல்வதை விரித்துரைப்பார். தன் பிள்ளைக்கு ஒரு நீதியும் ஊரார் பிள்ளைக்கு ஒரு நீதியும் உண்டோ என்னும் வினாவைக் கேட்போர் நெஞ்சில் ஊன்றுவார். அவ்வினா ஊன்றுதற்கு ஒரு மௌனம் வேண்டும். அந்த மௌனத்தை அடுத்தடுத்து ஓடும் திரை தருவதில்லை.

மற்றோர் இடர்ப்பாடு புள்ளி வழங்குதல். அறவினா ஒன்றைத் தந்து, சரியான விடையைத் தொட்டாற் புள்ளியும் பரிசும் தரும் விளையாட்டுக்கள் கருவிகளில் உண்டு. எழுத்துக்கூட்டுதலுக்கு இவை உதவலாம். நற்செயலைப் புள்ளிக்காகச் செய்யப் பழகிய பிள்ளை, புள்ளி இடுவார் இல்லாத இடத்தில் என் செய்யும்? காண்பார் இல்லாவிடத்தும் கைவிடாதிருத்தலே ஒழுக்கம். அதனைப் பரிசு காட்டிப் பழக்குதல், நீந்தப் பழக்குவதற்குக் கரையில் நிறுத்திவைத்தலை ஒக்கும்.

செயற்கை நுண்ணறிவு என்பது அண்மையில் எழுந்தது. கேட்ட அளவில் இனிய தமிழிற் கதை புனைந்து தருகின்றது. ஐயத்துக்கு விடையும் கூறுகின்றது. ஆனால், புராணத்தில் இல்லாத நிகழ்ச்சியையும் உள்ளதுபோல் உரைத்தல் கூடும். தெரியாததைத் தெரியாது எனக் கூறுதலும் நல்லாசிரியரின் அறங்களுள் ஒன்று. அது வாய்க்காத இடத்திற் சொல்லப்படுவதை மூலத்தோடு ஒப்புநோக்காது ஏற்றல் தகாது. வாய்மையைப் பற்றிய பாடத்தையே பொய்யான மேற்கோளோடு நடத்துதல் நகைப்புக்கிடமாகும்.

இணைக்கும் முறை

இவ்வாற்றால், திரையை ஏட்டின் இடத்தில் வைக்கலாம். பயன் சொல்லுபவர் இடத்தில் வைத்தலாகாது என்னும் முடிபு பெறப்படுகின்றது. இதனைப் பாடசாலையிலும் அறநெறிப் பாடசாலையிலும் நடைமுறைப்படுத்தும் வகையை ஒரு பாடத்தின் வாயிலாகக் காட்டுவாம். தரம் எட்டு, ஒன்பது மாணாக்கர்க்குக் கந்தபுராணத்துச் சிங்கமுகாசுரனைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது படி வாசிப்பு. சூரபன்மன் அவையிலே சிங்கமுகன் எழுந்து, தேவரைச் சிறைவிடுதலே தக்கது எனத் தமையனுக்கு அறிவுரை கூறும் பகுதியிற் சில செய்யுள்களைத் தெரிந்து, எழுத்தைப் பெரிதாகத் திரையிற் காட்டல் வேண்டும். பண்ணறிந்த பெரியவர் ஒருவரின் பதிவை ஒலிக்கச் செய்து, மாணாக்கர் உடன்பாடல் வேண்டும். ஐம்பது பேருக்கு ஐந்து புத்தகமே உள்ள பாடசாலையிலும் இது நடைபெறும். இவ்விடத்திற் கருவி ஏடாகின்றது.

இரண்டாவது படி பயன். இதனை ஆசிரியரோ, ஊரிலுள்ள புராணபடனகாரரோ நேரில் வந்து செய்தல் வேண்டும். அத்தகையார் அவ்வூரில் இல்லையெனின், அயலூரிலுள்ள ஒருவரைத் திரை வழியாக அழைக்கலாம். அவர் மாணாக்கர் முகத்தைக் காணவும் மாணாக்கர் அவரை வினாவவும் இயலல் வேண்டும் என்பதே நியதி.

மூன்றாவது படி வினா. சிங்கமுகன் நன்றறிந்தவன், அறிந்ததை அஞ்சாது உரைத்தவன். தமையன் வெகுண்டு மறுத்தபின், அவன் பக்கத்தை விடாது நின்று போர்புரிந்து மடிந்தவன். அவன் செய்தது சரியா? தவறு எனத் தெரிந்தும் உடன்பிறந்தானுக்குத் துணைநிற்றல் அன்பா, குற்றமா? இவ்வினாவுக்குத் தொட்டுக் காட்டத்தக்க ஒற்றை விடை இல்லை. திரையை அணைத்துவிட்டு மாணாக்கரை இரு பக்கமாகப் பிரித்து வாதிக்கச் செய்தல் வேண்டும். புள்ளி இடுதல் வேண்டா. நண்பன் பிழை செய்யக் கண்டும் வாளாவிருந்த தம் செயலை ஒவ்வொருவரும் தம்முள்ளே நினைப்பர். அறிவுக்கும் நடைக்கும் இடையேயுள்ள பாலம் இவ்விடத்திலேதான் கட்டப்படுகின்றது.

நான்காவது படி செயல். மாணாக்கர் வீட்டுக்குச் சென்று, தம் அம்மம்மாவையோ பேரனாரையோ வினவுதல் வேண்டும்: தம் சுற்றத்தாரிடத்தே அஞ்சாது உண்மை கூறிய ஒருவரை நீங்கள் கண்டதுண்டோ? அவர் கூறும் வரலாற்றை அவர் இசைவோடு கைத்தொலைபேசியிற் பதிவு செய்து வரலாம். பாடத்துக்காக எடுத்த பதிவு, பாட்டியைப் பேரப்பிள்ளையின் அருகே ஒரு மணி நேரம் இருத்துகின்றது. புலம்பெயர்ந்த பிள்ளையாயின், கடல்கடந்து அழைத்துக் கேட்கின்றது. சிறுவன் கருவியின்முன் வெறுங் காண்போனாக இராது, ஊர் நினைவைத் தொகுப்போனாக மாறுகின்றான். இவ்வாறு ஆண்டுதோறும் சேரும் பதிவுகளைப் பெயர், ஊர், நாள் குறித்து ஒழுங்குபடுத்தினால், கல்லூரிக்கே ஓர் ஆவணக் களஞ்சியம் உருவாகும். புராணத்தின் பக்கத்திலே ஊரின் அறமும் எழுதப்படும். கோயிலுக்குள் விடப்படாதிருந்தோர் நினைவும் அதில் இடம்பெறல் வேண்டும். அன்றேல் பழைய மதிலைப் புதிய கருவியால் மீளக் கட்டியவராவோம்.

எக்கருவியையும் மூன்று வினாக்களாற் சோதித்துக் கொள்ளலாம். அது பிள்ளையைப் பிறரோடு சேர்க்கின்றதா, தனிமைப்படுத்துகின்றதா? தான் கூறுவதற்கு மூலம் காட்டுகின்றதா? அதனை அணைத்தபின் பிள்ளை செய்வதற்கு ஏதேனும் ஒரு செயல் எஞ்சியிருக்கின்றதா? இம்மூன்றுக்கும் ஏற்ற விடை தரும் கருவி எளியதாயினும் நன்று. தராதது எத்துணை விலையுயர்ந்ததாயினும் வேண்டா.

கருவியே அறத்தின் களம்

இதுகாறும் கருவியை அறம் பயிற்றும் துணையாகக் கருதினோம். அக்கருவியைப் பயன்படுத்துமிடத்தும் அறம் வேண்டப்படுகின்றது என்பது எஞ்சி நிற்கின்றது. இன்றைய சிறுவன் பொய் சொல்லுவதற்கும், புறங்கூறுவதற்கும், பிறர் உழைப்பைத் தனதெனக் காட்டுவதற்கும் பெரிதும் வாய்ப்புப் பெறும் இடம் இதுவே. உடன் கற்பவனை இழிவுபடுத்தும் படமொன்றைப் பலர்க்கும் அனுப்புதல் ஒரு விரலின் தொழிலாகிவிட்டது. அனுப்பியவன் அவன் அழுத கண்ணைக் காண்பதில்லை. அவுஸ்திரேலியாவிற் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டம் 2025 திசம்பர் 10 ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. அரசுகளும் இதனை எத்துணைப் பெரிய சிக்கலாகக் கருதுகின்றன என்பதற்கு அது சான்று. சட்டம் வாயிலைக் காக்கும்; வாயிலைக் கடந்தபின் காக்கவேண்டியது பயிற்சியே.

அப்பயிற்சிக்கும் மரபே வழிகாட்டுகின்றது. சித்திரபுத்திரனார் ஏட்டைச் சிறுவர்க்கு நினைவூட்டுக. ஒருமுறை எழுதப்பட்டது அழியாது என்னும் உண்மையை, இணையத்தில் ஒருமுறை அனுப்பிய சொல்லும் படமும் மீளப்பெறற்கரியன என்பதோடு பொருத்திக் காட்டுக. பழங்கதை எனச் சிறுவர் எண்ணியது அன்றாட வாழ்வின் கூற்றாக விளங்கும். ஒரு வேறுபாட்டையும் உடன் கூறுதல் நலம்: சித்திரபுத்திரனார் தீமையை மட்டும் எழுதுபவரல்லர், எவரும் காணாது செய்த நன்மையையும் எழுதுபவர். அச்சத்தினால் மட்டும் வளரும் ஒழுக்கம் நிழலில் வளர்ந்த பயிர் போன்றது. நன்மையும் கணக்கில் உண்டு என்னும் நம்பிக்கையே அதற்கு வெயில்.

முடிவுரை

ஓலையில் எழுதிய காலத்தும், தாளில் அச்சிட்ட காலத்தும் அறத்தை ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கொண்டுசென்றவர் மனிதரே. ஓலையும் தாளும் அவர் கையிலிருந்தன. இன்று திரை அக்கைக்கு வந்திருக்கின்றது. செய்யுளை இராகத்தோடு வாசிக்கவும் பயன் சொல்லவும் வல்ல முதியோர் இன்னும் நம் ஊர்களில் உளர், என்றும் உளராகார். அவர் குரலைப் பதிவு செய்ய வல்ல இளைஞரும் நம் வகுப்பறைகளில் உளர். இவ்விரு சாராரையும் ஒரு மண்டபத்திற் கூட்டுதல் பெரும் பொருட்செலவு வேண்டாத பணி; காலந் தாழ்த்தாமை ஒன்றே வேண்டும். எரிந்த ஏட்டை மீட்க இயலாது என்பதை 1981 நமக்குக் கற்பித்தது. பதியப்படாத குரலும் அத்தன்மையதே. அதனை உணர்ந்து, ஆசிரியரும் மாணாக்கரும் பழைய மாணவரும் தத்தம் ஊர்க் கோயில்களிலும் அறநெறிப் பாடசாலைகளிலும் இப்பணியைத் தொடங்குவாராக. அங்ஙனம் தொடங்கின், ஏடும் திரையும் ஒன்றற்கொன்று பகையாகாது, நம் சிறுவரின் நல்லொழுக்கத்துக்கு இரு கண்களாய் விளங்கும்.